தேய்மானக் கணக்கு

உலகில் தேயாத பொருள் என்று ஒன்றில்லை. இரும்பும் தேயும், கருங்கல்லும் தேயும், நாள்தோறும் உழுகின்ற கலப்பையின் கொழுவும் தேயும். தேய்வது இயற்கை. ஆனால் தேய்வன யாவும் கணக்கில் ஏறுகின்றனவா, ஏறாதவற்றின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது மனிதனின் அறிவுக்கும் நேர்மைக்கும் உரிய வேலை. அக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

நான் ஒரு தோட்டத்துக் கிராணி. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் செக்ரோல் எழுதுவதும் பேரேடு பார்ப்பதும் என் பிழைப்பு. ஆண்டு முடிவில் கணக்கை அடைக்கும்போது, ஆங்கிலத்தில் டிப்ரிசியேஷன் என்று கூறப்படும் தேய்மானத்தை நான் எழுதியாகவேண்டும். டிராக்டர் வாங்கிய விலை இவ்வளவு. அது உழைக்கக்கூடிய ஆண்டுகள் இத்தனை. ஆகவே இவ்வாண்டில் அது தேய்ந்தது இவ்வளவு என்று கணக்கிட்டு, வருமானத்திலிருந்து கழித்துக் காட்டவேண்டும். டிராக்டர் என்னிடம் வந்து முறையிடுவதில்லை, சங்கம் கூட்டுவதில்லை. அப்படியிருந்தும் அதன் தேய்மானத்தை எழுதாத கணக்கைத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்ளமாட்டார். “இந்த லாபம் உண்மையான லாபமன்று, யந்திரத்தைத் தின்று காட்டிய லாபம்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அதே பேரேட்டில், அந்த டிராக்டரை ஓட்டுகிறவனின் முதுகெலும்புக்கு ஒரு பத்தி உண்டா? இல்லை. கூலி என்ற பத்தி உண்டு. அது அவன் செய்த வேலைக்கு விலை. வேலை அவனுக்குச் செய்ததற்கு விலை எந்தப் பத்தியிலும் இல்லை. பல ஆண்டுகள் இக்கணக்கை எழுதிய எனக்கு இந்தக் குறை கண்ணிற்படவேயில்லை. என் தாய்மாமன் ஒருவரின் காது அதைக் காட்டிற்று.

மாமாவின் காது

மாமா எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இளவயதிலேயே பிழைப்புத் தேடி ஜார்ஜ் டவுனுக்குப் போனார். கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் மசாலை அரைக்கும் மில் ஒன்று இருந்தது. முதலாளியும் மூன்று ஆட்களுந்தான் அதன் முழுப்படை. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் ஆகியவற்றைக் காலை முதல் மாலை வரை அரைப்பார்கள். மாமா அங்கே இருபத்தாறு ஆண்டுகள் நின்றார். நின்றார் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மில்லில் உட்காருவதற்கு இடமில்லை.

முதலாளி கெட்டவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஏனெனில், இத்தகைய கட்டுரைகளில் முதலாளி என்றவுடன் கொடியவர் ஒருவரை எதிர்பார்ப்பது வாசகர் வழக்கம். சம்பளம் நாள் தவறாது கொடுத்தார். பெர்க்கேசோ சந்தாவை ஒழுங்காகக் கட்டினார். மாமாவின் மகள் கலியாணத்திற்குக் கேளாமலே பணம் கொடுத்தார். தீபாவளிக்குத் துணி வாங்கித் தந்தார். “அவர் எனக்கு முதலாளி இல்லே தம்பி, அண்ணன்” என்பார் மாமா.

மாமாவுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, பேத்தி பேசும் மழலை தமக்கு விளங்கவில்லை என்று கண்டார். ஆண்கள் பேசுவது ஒருவாறு கேட்கும். குழந்தையின் மெல்லிய குரலும் பெண்களின் குரலும் கலங்கிக் கேட்டன. இரவில் காதுக்குள் வண்டு இரைவது போன்ற ஓசை. ஒரு நாள் தெருவைக் கடக்கும்போது, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் அவருக்குக் கேட்கவேயில்லை. கால் முறிந்ததோடு உயிர் தப்பியது.

வைத்தியரிடம் போனார். வயது கேட்டார்கள், சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள், காதில் குச்சி விட்டதுண்டா என்றும் கேட்டார்கள். “என்ன வேலை செய்கிறீர்?” என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. “வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். மாமாவும் அதையே நம்பினார். “தலையெழுத்து” என்றார். நாற்பத்தெட்டு வயதில் வருவது முதுமையுமன்று, தலையெழுத்துமன்று. இருபத்தாறு ஆண்டு அரைத்த மில் எழுதிய எழுத்து அது.

நான் அந்த முதலாளியைப் போய்ப் பார்த்தேன். சற்றுக் கோபத்தோடுதான் போனேன். நான் சொன்னதை அவர் கையைக் காதருகே வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. பிறகு, “தம்பி, நான் மட்டும் எந்த டாக்டரிடம் போய்க் காதைக் காட்டினேன்? நானும் அதே மில்லில்தானே நின்றேன்?” என்றார். என் கோபம் அங்கேயே நின்றுவிட்டது. கேள்வி நிற்கவில்லை.

தேயும் முறை

இரைச்சல் காதை எவ்வாறு அழிக்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். உட்செவியில் நத்தை வடிவான ஓர் உறுப்பு உண்டு. அதில் மிக நுண்ணிய மயிர் போன்ற முனைகளையுடைய உயிரணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஓசை வந்து அசைக்கும்போது அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஓயாத பேரிரைச்சலில் அவை நைந்து சாகின்றன. செத்தவை மறுபடியும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் சக்தி. ஆகையால்தான் குழந்தையின் குரல் முதலில் மறைகிறது. இதில் வலி இல்லை, இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. கையை வெட்டிய யந்திரத்தை எல்லோரும் காண்கிறோம். காதைத் தின்ற யந்திரத்தை ஒருவரும் காண்பதில்லை.

இரைச்சலை டெசிபெல் என்னும் அளவால் அளக்கிறார்கள். அதில் மூன்று டெசிபெல் ஏறினால் ஓசையின் ஆற்றல் இரு மடங்காகிறது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. அவ்வெல்லைக்கு மேற்பட்ட இரைச்சலில் உழைப்போருக்குக் கேட்கும் திறனைச் சோதிக்கவேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நம் நாட்டில் தொழிலால் வந்த நோய்கள் என்று பதிவாகின்றவற்றுள் செவி நோயே முதலிடம் பெறுகிறது. பதிவானவை மட்டுமே இவை. மாமாவின் காது அந்தப் பதிவில் இல்லை.

காது ஓர் எடுத்துக்காட்டுத்தான். நம் ஊர்ச் சிறுதொழில்களை எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லர் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருந்தால், அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மோட்டார் பட்டறையில் வண்ணம் தெளிப்பவனுக்கு அதன் ஆவி இழுப்பு நோயைத் தரும். சலவைக்காரரின் கைத்தோல் வெந்து வெடிக்கும். சிகை திருத்துவோருக்கும் மருந்துச் சாயங்களால் அவ்வாறே. உணவுக்கடையில் அடுப்பு முன் பத்து மணி நேரம் நிற்பவனின் கால் நரம்பு முடிச்சு விடும். கோயில் வாசலில் குனிந்து பூக்கட்டும் பெண்ணின் கழுத்து நிமிராது. மசாலைத் தூசி இருமலைக் கொடுக்கும். இவர்களெல்லாம் பெரிய ஆலைத் தொழிலாளர் அல்லர். ஒரு கடை, ஒரு முதலாளி, மூன்று ஆள் என்று பிழைப்பவர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

“இதற்கெல்லாம் சட்டம் இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. முன்பு குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும் உரியதாயிருந்த அச்சட்டம், வீட்டு வேலை முதலிய சிலவற்றைத் தவிர இப்போது எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. கடமையில் தவறிய முதலாளிக்கு 5,00,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். உடனடி ஆபத்து நேருமென்று நியாயமாக நம்பும் தொழிலாளி அவ்விடத்தை விட்டு அகலும் உரிமையும் பெற்றிருக்கிறான். இவையெல்லாம் போற்றத்தக்கவை.

ஆயினும் சட்டத்தின் படிக்கட்டைக் கவனியுங்கள். நாற்பது பேருக்குக் குறையாமல் ஆட்கள் உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். ஐவருக்குக் குறையாமல் உள்ள இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கவேண்டும். அதற்குக் கீழே? மூன்று ஆட்களை வைத்திருப்பவருக்கும் பொதுவான கடமை ஏட்டில் இருக்கிறது. அதைச் செய்துவைக்க ஆள் இல்லை. மலேசியாவிலுள்ள வணிக நிறுவனங்களில் 100-க்கு 95-க்கு மேற்பட்டவை சிறு, நடுத்தரத் தொழில்களே. அவற்றுள்ளும் பாதிக்கு மேற்பட்டவை, ஐவருக்குக் குறைந்த ஆட்களையோ மிகச் சிறிய விற்பனையையோ கொண்ட நுண்தொழில்கள். ஆக, படிக்கட்டின் கடைசிப் படி எங்கே முடிகிறதோ, அங்கேதான் ஜனங்கள் பலர் நிற்கிறார்கள்.

ஐந்து லட்சம் அபராதம் என்னும் பயமுறுத்தல் மட்டும் சிறுகடைக்காரரைத் திருத்திவிடுமா? பயந்தவன் மறைப்பான், அறிந்தவனே மாற்றுவான். எதை அளப்பது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று அறியாதவரிடம் அபராதத்தைக் காட்டுவது, நீந்தத் தெரியாதவனிடம் ஆற்றின் ஆழத்தைச் சொல்லுவதற்கு ஒப்பாகும்.

மூன்று ஆட்சேபங்கள்

இனி, இவ்விஷயத்தில் நம்மவர் வழக்கமாகக் கூறும் ஆட்சேபங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: “அவன் தானே விரும்பி வந்தான், பிடிக்கவில்லையென்றால் போகட்டும்.” சம்மதம் என்பது அறிவோடு கூடியிருக்கவேண்டும். இந்த வேலையில் இருபது ஆண்டு நின்றால் காது போகும் என்று அறிந்து, அதற்கு ஒத்துக்கொண்டு வந்தால் அது சம்மதம். அறியாமல் வந்தவன் தன் உழைப்பைத்தான் விற்றான். தன் காதை விற்கவில்லை. விற்காத பொருளை எடுத்துக்கொள்வதற்கு வியாபாரம் என்று பெயரில்லை.

இரண்டாவது: “பொது ஆஸ்பத்திரி இருக்கிறதே! ஒரு வெள்ளியில் வைத்தியம் கிடைக்கிறதே!” உண்மைதான், இந்நாட்டுப் பிரஜைகளுக்கு அது பெரும்பேறு. ஆனால் ஆஸ்பத்திரி வந்த நோயைப் பார்க்கும். நோய் வந்த வழியைப் போய்ப் பார்ப்பது அதன் வழக்கமன்று. 1700-ஆம் ஆண்டில், இத்தாலி தேசத்து மோடெனா நகரில் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி என்னும் வைத்தியர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்தவன் அளவுக்கு மிஞ்சி அவசரப்படுவதைக் கண்டு, காரணம் கேட்டார். நெடுநேரம் அதனுள் இருந்தால் கண் கெட்டுவிடும் என்று அவன் சொன்னான். அதிலிருந்தே அவருக்கு இந்த ஆராய்ச்சி பிறந்தது. நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, “உன் தொழில் யாது?” என்ற கேள்வியையும் சேர்க்கவேண்டும் என்று அவர் எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் என் மாமாவிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

அன்றியும், ஒரு வெள்ளி என்பது சீட்டின் விலை மட்டுமே. கூலியாளுக்கு அரை நாள் வேலை போகிறது. மூன்று பேர் உள்ள கடையில் ஒருவன் இல்லையென்றால் மற்ற இருவர் தலையில் சுமை விழுகிறது. அயல்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கு அந்த ஒரு வெள்ளிச் சலுகை இல்லை. பெர்மிட்டுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்ற அச்சம் வேறு. தொழிலால் வரும் விபத்துக்கும் நோய்க்கும் அயல்நாட்டாரையும் பெர்க்கேசோவின்கீழ் கொண்டுவந்ததே 2019 ஜனவரி முதற்கொண்டுதான். அதற்கு முன் அவர்கள் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ்த் தனியே வைக்கப்பட்டிருந்தார்கள். கதவு திறந்திருப்பது வேறு. கதவு வரை நடந்துபோகக் கூடியது வேறு.

மூன்றாவது ஆட்சேபமே கடினமானது. அது அந்த மில் முதலாளி சொன்னது: “நானும் அதே தூசியில் நிற்கிறேன்; என்னால் என்ன செய்ய முடியும்?” இதற்குக் கோபத்தால் பதில் சொல்ல முடியாது. ஏழையான ஒருவரிடம் பணக்காரரின் கடமையை எதிர்பார்ப்பது நியாயமா? ஆனால், முதலாளியின் பை சிறியது என்பதனால் தொழிலாளியின் காதும் சிறியதாகிவிடுமா? பெரிய ஆலையில் வேலை செய்பவனின் செவிக்கு ஆண்டுதோறும் சோதனை. சந்திலுள்ள மில்லில் வேலை செய்பவனின் செவிக்கு ஒன்றுமில்லை. இருவருக்கும் செவி ஒன்றுதானே!

இவ்விரண்டு நியாயங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஒரே முடிவுதான் கிடைக்கிறது. கடமை குறையவில்லை, தனியொருவரால் சுமக்க முடியாததாய் இருக்கிறது. தனியே சுமக்க முடியாததைக் கூடிச் சுமக்கவேண்டும். அந்த மில்லின் மசாலைத் தூளை மலிவாக வாங்கிச் சமைத்து உண்டவர்கள் யார்? நாம். நம் குழம்பின் விலையில் மாமாவின் காது சேர்க்கப்படவில்லை. அதனால்தான் அது மலிவாயிருந்தது. லாபத்தில் பங்கு கொண்டவன் தேய்மானத்திலும் பங்கு கொள்ளுதல் கணக்கு முறை, அறமும் அதுவே.

தோட்டம் காட்டும் பாடம்

கூடிச் சுமப்பது கனவு என்று எண்ணாதீர்கள். நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் மலேரியாவால் கூட்டங் கூட்டமாக மாண்டார்கள். 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் மருத்துவ அதிகாரியாயிருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் நீரை வடித்துக் கொசுவை ஒழித்து, மலேரியாவைக் குறைக்கலாம் என்று காட்டினார். பின்னர் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிகள் ஆஸ்பத்திரியும் வைத்திய வசதியும் வைக்கவேண்டுமென்று கட்டாயப்படுத்தின. துரைமாரின் கருணை இதற்கு முதற்காரணமன்று. கப்பல் செலவு செய்து கொண்டுவந்த ஆள் செத்துப்போனால் நஷ்டம் என்ற கணக்கும் அதிலிருந்தது. அந்த ஆஸ்பத்திரிகள் பல இடங்களில் பெயரளவில் இருந்தன என்பதையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனினும் தோட்டத்தில் டிரஸர் ஒருவர் இருந்தார். காலையில் பிரட்டுக்கு வராதவன் எங்கே, அவனுக்கு என்ன நோய் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். அவர் கையில் ஒரு பதிவேடு இருந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. ஒவ்வொரு சிறு தோட்டமும் தனக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்ட இயலவில்லை. ஆகவே அண்டையிலுள்ள தோட்டங்கள் சேர்ந்து, செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒரே ஆஸ்பத்திரியை நடத்தின. அதைக் குழு ஆஸ்பத்திரி என்றார்கள். “நான் சிறிய தோட்டம்; ஆகையால் என் ஆட்களுக்கு வைத்தியம் வேண்டாம்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. “சிறியவனா? அப்படியானால் அடுத்தவனோடு சேர்” என்பதே விதி.

என் மாமா தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனபோது, தோட்டத்தின் அடிமைத்தனத்தைவிட்டுப் போவதாகவே எண்ணினார். அது ஓரளவு சரியே. ஆனால், தம்மை அறியாமல், ஒரு பதிவேட்டையும் விட்டுப் போனார்.

பிற தேசங்களும் இவ்வழியே நடந்திருக்கின்றன. பின்லாந்து தேசத்தில், 1979-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருப்பவரும் அவனுக்குத் தொழிற்சுகாதார வசதி செய்து தரவேண்டும். அதற்காகும் செலவில் ஒரு பகுதியைச் சமூகக் காப்புநிதி திருப்பிக் கொடுக்கிறது. ஜப்பானில் ஐம்பது பேருக்குக் குறையாத இடங்களில் தொழில் வைத்தியர் ஒருவரை நியமிக்கவேண்டும். அதனினும் சிறிய இடங்களுக்கு வட்டார நிலையங்கள் இலவசமாக உதவுகின்றன. தமிழ்நாட்டில் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, 2024-இல் தொழிலாளர் வேலை செய்யும் இடங்களுக்கும் அது விரிந்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1985-இலேயே எல்லாத் தொழிலாளருக்கும் தொழிற்சுகாதாரச் சேவை படிப்படியாகக் கிடைக்கவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. 2022-இல், ஆபத்தற்ற, சுகாதாரமான வேலையிடத்தைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகவே சேர்த்தது. உரிமை என்று சொன்னபின், அது முதலாளியின் நல்ல மனத்தைப் பொறுத்ததாய் இருக்க முடியாது.

தர்மமும் கடனும்

இங்கே நம் சமூகத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் விடமுடியாது. நாம் தர்மத்தில் தாராளமானவர்கள். கலியாணத்திற்குக் கொடுப்போம், சாவுக்குக் கொடுப்போம், அன்னதானத்திற்கு அள்ளிக் கொடுப்போம். மாமாவின் முதலாளியும் கொடுத்தார். ஆனால் தர்மம் கொடுப்பவனின் விருப்பத்தால் வருவது; கடன் வாங்கியவனின் உரிமையால் வருவது. மகள் கலியாணத்திற்குத் தந்த பணத்தை மாமா சாகும்வரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருப்பார். தம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட காதுக்காக அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. நன்றி இருக்கும் இடத்தில் கணக்கு மறைந்துவிடுகிறது. “அண்ணன்” என்று அழைத்துவிட்டால் அண்ணனிடம் பில் நீட்ட முடியுமா?

பிறகு நான் அவருக்குச் சொன்னேன்: தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் சட்டத்தில் உண்டு, அதில் செவி நோயும் உண்டு, நஷ்டஈடு கேட்கலாம் என்று. அப்போது ஒரு தடை தெரிந்தது. வேலையில் சேர்ந்தபோது அவர் காது எப்படி இருந்தது? சோதித்தவர் இல்லை. பத்தாம் ஆண்டில்? இல்லை. மில்லின் இரைச்சல் எத்தனை டெசிபெல்? அளந்தவர் இல்லை. பழைய யந்திரமும் இரும்புக்கடைக்குப் போய்விட்டது. கிராணித் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: எழுதாதது நடக்காதது. மாமாவின் இருபத்தாறு ஆண்டுத் தேய்மானம் எங்கும் எழுதப்படாததால், அது நடக்காததாகிவிட்டது. அவர், “போகட்டும் தம்பி, அண்ணனைக் கச்சேரிக்கு இழுக்கவா?” என்று முடித்துவிட்டார்.

ஆகவேதான், தொழிற்சுகாதாரச் சேவை என்பதன் முதல் வேலை மருந்து கொடுப்பதன்று, எழுதுவது என்கிறேன். சேரும்போது காதைச் சோதித்து எழுது, ஆண்டுதோறும் எழுது, தூசியையும் இரைச்சலையும் அளந்து எழுது, எழுதியதைத் தொழிலாளியிடமும் ஒரு பிரதி கொடு. எழுதப்பட்டவுடனே பாதி நோய் தடைப்படும். ஏனெனில், இரண்டாம் ஆண்டிலேயே செவி குறைவது தெரிந்தால், மில்லுக்கு ஒரு கூடு அடிக்கலாம், அடியில் ரப்பர்க் கட்டை வைக்கலாம், தூசியை இழுக்கும் குழாய் பொருத்தலாம், ஆட்களை நேரம் மாற்றி நிறுத்தலாம், காதடைப்புக் கொடுக்கலாம். இவற்றுள் பல, ஒரு கலியாண மொய்க்கு மேல் செலவு பிடிக்காதவை.

செய்யத்தக்கவை

குறை சொல்லி நின்றுவிடுவது சீர்திருத்தமாகாது. ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார், பினாங்குத் தெரு, கிங் தெரு, குயின் தெரு ஆகியவற்றைச் சுற்றிலும் எத்தனை சிறுகடைகள்! வணிகர்கள் கூடித் திருவிழா நடத்துகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், தெரு முழுதும் விளக்கு ஏற்றுகிறார்கள். கூடத் தெரியாதவர்கள் அல்லர். ஒரு கிராணியின் மனக்கணக்கைக் கேளுங்கள்: ஐம்பது கடைகள், மாதம் நாற்பது ரிங்கிட் வீதம் போட்டால் இரண்டாயிரம் ரிங்கிட். தொழிற்சுகாதாரப் பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவரை மாதத்தில் சில மாலைகள் அழைக்கவும், கடைகளுக்கு நேரே வந்து பார்க்கச் செய்யவும் இதைக் கொண்டு தொடங்கலாகாதா? மண்டபங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. கடை அடைத்தபின், இரவு நேரத்தில் அங்கே நடத்தினால் எவனுக்கும் அரைநாட் கூலி போகாது. அதுவே பட்டணத்துக் குழு ஆஸ்பத்திரி.

சர்க்காரும் பெர்க்கேசோவும் இதில் பாதி தோள் கொடுக்கவேண்டும் என்று கேட்பது பிச்சையன்று. 2013 முதல் பெர்க்கேசோ நாற்பது வயதடைந்த சந்தாதாரருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கண்டறியும் இலவசப் பரிசோதனையை நடத்தத் தொடங்கிற்று. நல்ல காரியம். நாற்பதில் சர்க்கரையைப் பார்ப்பதுபோல், வேலைக்கு வந்த முதல் நாளில் செவியையும் மூச்சையும் பார்ப்பதற்கு வழி செய்யட்டும். ஐவருக்குக் குறைந்த கடைகளுக்கு வட்டாரத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கட்டும். கடைக்கு ஓர் ஆள் கிடைக்காவிட்டால் தெருவுக்கு ஓர் ஆள் கிடைக்கமாட்டாரா?

தொழிலாளத் தோழர்களும் ஒன்று செய்யலாம். வைத்தியர் கேட்காவிட்டாலும், “ஐயா, நான் இன்ன வேலை செய்கிறேன், இத்தனை ஆண்டாய்ச் செய்கிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள். தொழிலால் வந்த நோய் என்று கருதும் வைத்தியர் அதனை ஏழு நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. நீங்கள் சொன்னால்தான் அவர் கருத முடியும். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், எந்தத் தேதியில் எந்த வேலையில் சேர்ந்தீர்கள், எந்தப் பொருளைக் கையாண்டீர்கள், எப்போது முதல் இருமல், எப்போது முதல் இரைச்சல் என்று குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும்.

தோட்டத்தில் இருக்கும் என்போன்ற கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை. நம் தோட்டத்தைச் சுற்றிலும் கான்டிராக்டருக்குக் கீழே மருந்து தெளிப்பவர்களும் குலை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் நம் செக்ரோலில் இல்லை. ஆகையால் அவர்கள் நோயும் நம் கண்ணில் இல்லை. சிறுகடைக்காரரைக் குறை கூறுமுன், நம் பேரேட்டுக்கு வெளியே யார் யார் தேய்கிறார்கள் என்று நாமும் பார்க்கவேண்டும். இதை எழுதத் தொடங்கிய பின்னரே நானும் பார்க்கத் தொடங்கினேன்.

சென்ற வாரம் பெர்ரியில் கடல் கடந்து மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அதே மில்லில் இப்போது வேறோர் இளைஞன் நிற்கிறான் என்றார். வயது இருபத்திரண்டாம். ஊர் இராமநாதபுரம் பக்கமாம். நல்ல பையனாம், நன்றாகப் பாடுவானாம். “அவன் காதையாவது ஒரு தடவை யாரிடமாவது காட்டச் சொல்லு தம்பி. முதலாளியிடம் நான் பேசிவிட்டேன், சரி என்றார். எங்கே காட்டுவது என்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை” என்றார்.

தோழர்களே! மனம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வைத்தியரும் இருக்கிறார். எங்கே காட்டுவது என்ற ஒரு விலாசம் இல்லை. அந்த விலாசத்தை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது. அந்த இளைஞனின் கணக்கில் முதல் வரியை இந்த ஆண்டே எழுதிவிடவேண்டும்.